மூடிய மூட்டுக்குள் இருப்பது: அலோஹா 243 நிகழ்வைத் திருகோணமலைப் பட்டறையில் கற்பித்தல்

விமானத் தகட்டு வேலைப் பட்டறையில், ரிவெட் (துளையில் இட்டு இரு பக்கமும் தலை வரும்படி அடிக்கும் உலோக ஆணி) அடித்து முடித்த தகட்டை மேசையில் வைக்கும் மாணவர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சேர், தலையெல்லாம் வடிவா வந்திருக்கு." உண்மையாகவே வடிவாகத்தான் வந்திருக்கும். போதனாசிரியர் நகத்தால் தடவிப் பார்ப்பார், பின்பக்கம் திருப்புவார், வேணியர் அளவுகோலை வைத்து நாலைந்து தலைகளை அளப்பார், புள்ளியைப் போட்டுவிடுவார். தகடுகள் இரண்டுக்கும் நடுவே துளையிட்ட பிசிறு கிடக்கிறதா, வியர்த்த கை பட்டதா, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் எல்லா இடமும் ஏறியதா என்று அதன்பின் யாரும் பார்க்க வழியில்லை. மூட்டு மூடியாயிற்று.

விமான உடலின் தகட்டு மூட்டு பழுதாவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான். அங்கே நடப்பதை, ஹவாயின் அலோஹா விமானசேவையின் 243ஆம் இலக்கப் பறப்பு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் விபத்து வேறொன்றைச் சொல்வது கடினம். அதை மனிதக் காரணிகள் பாடத்தில் ஒரு படமாகப் போட்டுக் காட்டிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அதன் இடம் தகட்டு வேலைப் பட்டறை என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. கடலோரத்தில் இருக்கும் திருகோணமலைப் பட்டறைக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நிகழ்வு

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட போயிங் 737-200 விமானம் 24,000 அடி உயரத்தை எட்டிய வேளையில், முன்வாசலுக்குப் பின்னால் கூரைத் தகடு சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. நின்றபடி வேலை செய்துகொண்டிருந்த மூத்த பணிப்பெண் ஒருவர் காற்றோடு வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானத்தில் இருந்த மற்ற 94 பேரும் உயிர் தப்பினர். விமானிகள் மௌயி தீவின் கஹுலுயி நிலையத்தில் தரையிறக்கினார்கள். ஹிலோவில் ஏறும்போதே கதவருகே தகட்டில் ஒரு வெடிப்பைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார். அந்த நேரத்தில் அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

விமானம் 1969இல் தயாரிக்கப்பட்டது. விபத்து நாளில் அதன் கணக்கில் இருந்தவை 35,496 பறப்பு மணித்தியாலங்கள், 89,680 பறப்புகள். மாணவர்கள் கையில் கணக்கிட வேண்டிய முதல் எண் இங்கேதான் இருக்கிறது. மணித்தியாலங்களைப் பறப்புகளால் வகுத்தால் ஒரு பறப்புக்கு 24 நிமிடம் கூட வராது. தீவுக்குத் தீவு தாவும் சேவை அது. ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பி ஒருமுறை அடங்கும், தகட்டைக் களைக்க வைப்பது அந்த உப்பலும் அடங்கலும். தயாரிப்பாளர் கணக்கில் எடுத்திருந்த ஆயுள் 75,000 பறப்புகள். மணித்தியாலத்தில் பார்த்தால் இளம் விமானம், பறப்பு எண்ணிக்கையில் பார்த்தால் ஆயுளைத் தாண்டிய விமானம். பராமரிப்பு அட்டவணையை மணித்தியாலத்தில் மட்டும் வாசிக்கப் பழகிய மாணவருக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

மூட்டில் என்ன இருந்தது

பிய்ந்தது ஒரு லாப் ஜொயின்ற். அதாவது, மேல்தகட்டின் ஓரத்தைக் கீழ்த்தகட்டின் ஓரத்தின்மேல் ஏற்றி, மூன்று வரிசை ரிவெட்டால் பிடித்த மூட்டு. ஆரம்பகால 737களில் இந்த ஓரங்களுக்கு நடுவே எப்பொக்சி ஊறிய மெல்லிய துணி ஒன்றை வைத்து ஒட்டினார்கள். பாரத்தைத் தகட்டிலிருந்து தகட்டுக்குக் கடத்துவது அந்த ஒட்டுத்தான் என்பதே வடிவமைப்பின் எண்ணம். துணியைக் குளிரில் வைத்திருந்து, எடுத்துப் பொருத்தி, அறை வெப்பநிலையில் இறுகவிட வேண்டும். குளிரிலிருந்து எடுத்த துணியில் காற்றின் ஈரம் படிந்தாலும், தகட்டின் மேற்பரப்பைச் சரியாகத் தயார்செய்யாவிட்டாலும் ஒட்டு நீடிக்காது. அப்படித்தான் ஆனது. 1972இல் தயாரிப்பாளர் இந்த முறையைக் கைவிட்டு, தகடுகளுக்கிடையே இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ற் இடும் முறைக்கு மாறினார். விபத்துக்குள்ளானது அதற்கு முந்திய விமானம்.

ஒட்டு விட்டுப்போன இடத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடந்தன. உப்பு ஈரம் நுழைந்து அலுமினியத்தை அரித்தது. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொருளுக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டியிருப்பதால் அது தகடுகளை ஒன்றையொன்று விலக்கித் தள்ளியது. ஒட்டு சுமந்த பாரம் முழுவதும் ரிவெட்டுகளின்மேல் விழுந்தது. மேல்தகட்டின் தடிப்பு 0.036 அங்குலம். தலை மேற்பரப்போடு சமமாக அமர்வதற்காக வெட்டிய கூம்புக் குழி அந்தத் தடிப்பு முழுவதையும் தின்றுவிட்டதால், துளையின் அடிவிளிம்பு கத்தி முனைபோல ஆகியிருந்தது. வெடிப்பு தொடங்க அதைவிட வசதியான இடம் இல்லை. மேல்வரிசையில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் சிறுசிறு வெடிப்புகள் கிளம்பி, ஒருநாள் எல்லாம் ஒன்றாக இணைந்தன. கிழிசலை ஓரிடத்தில் நிறுத்தித் திசைதிருப்ப உள்ளே பட்டைகள் இருந்தன. அவையும் அதே குளிர்முறை ஒட்டால் பொருத்தப்பட்டவை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, ஒட்டு விட்டதையும் களைப்பு வெடிப்புகளையும் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்புத் திட்டத்தையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. தயாரிப்பாளரின் அறிவித்தல் மூட்டுகள் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லியிருக்க, ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கட்டளை ஒருசில மூட்டுகளோடு நின்றுவிட்டதையும் துணைக் காரணமாகக் குறித்தது. பிய்ந்தது கட்டளைக்குள் வராத மூட்டு. கட்டளை வாசிப்பது எப்படி என்ற பாடத்துக்கு இதுவே போதுமான எடுத்துக்காட்டு; இங்கே அதை நீட்டவில்லை.

ஏன் திருகோணமலை

திருகோணமலையின் சீனன்குடா ஓடுபாதை துறைமுகத் தண்ணீரின் ஓரத்திலேயே கிடக்கிறது. வாடை, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, தொடங்கினால் காற்று கடலிலிருந்து மழையையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். கச்சான் எனும் தென்மேல் காற்றின் காலத்தில் தரைப்பக்கமிருந்து வறண்டு வீசும். மாணவர்கள் துருவை அறியாதவர்கள் இல்லை. ஆங்கிலேயர் கட்டிவிட்டுப்போன சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் சிவப்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இரும்பின் துரு கண்ணுக்குத் தெரிவதற்காகவே வருவதுபோல வரும். அலுமினியம் அப்படி இல்லை. வாடை மழை வெளித்தகட்டைக் கழுவிப் பளிச்சென்று வைத்திருக்கும்போதே மூட்டின் இடுக்கில் நுழைந்த உப்புத் தண்ணீர் அங்கேயே தங்கி வேலை பார்க்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மீனவக் குடும்பப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வெளியிணைப்பு இயந்திரத்தின் அடிப்பகுதியில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி ஏன் கரைகிறது, அதை மாற்றாமல் விட்டால் அலுமினிய உறைக்கு என்ன ஆகும் என்று அவர்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். வேறுவேறு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் எது முதலில் அழியும் என்ற பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொரு விடயம் குளிர்ப்பெட்டி. இங்குள்ள காற்றில் ஈரம் அதிகம், குளிர்பானப் போத்தல் மேசையில் வைத்த உடனே வியர்க்கிறது. குளிரில் வைத்த சீலன்றையோ பசையையோ எடுத்தவுடன் திறந்தால் அதன் முகத்திலும் அதே வியர்வை படியும். அலோஹாவின் துணியில் படிந்த ஈரம் எங்கோ தொழிற்சாலைப் பிழை என்று மாணவர் நினைக்கலாம். பட்டறை மேசையில் மூடியபடி பொதியை அறை வெப்பநிலைக்கு வரவிட்ட பின்னரே திறக்க வேண்டும் என்ற விதியோடு அதைச் சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்.

பயிற்சித் தகடு

பயிற்சிக்கு எடுப்பது 2024-டி3 அலுமினியக் கலப்புலோகத் தகடு, 0.063 அங்குலத் தடிப்பு, 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒருவருக்கு இரண்டு. ரிவெட் எம்எஸ்20426ஏடி4-5, அதாவது 1/8 அங்குல விட்டமும் 5/16 அங்குல நீளமும் உள்ள, 100 பாகைத் தட்டைத் தலை. இந்த அளவுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ரிவெட்டின் தலை உயரம் 0.042 அங்குலம், தகட்டின் தடிப்பில் சரியாக மூன்றில் இரண்டு. கூம்புக் குழி வெட்டிய பின்னும் 0.021 அங்குலம் நேர்ச்சுவர் மீதியிருக்கும். இரண்டு தகடுகளின் தடிப்பு 0.126, அதோடு அடித்து உருவாக்கும் தலைக்கு விட்டத்தின் ஒன்றரை மடங்கு 0.1875, கூட்டினால் 0.3135, கையிலிருக்கும் 5/16 நீளம் அப்படியே பொருந்தும். தட்டைத் தலை ரிவெட்டின் நீளத்தில் தலையும் சேர்ந்தே கணக்கிடப்படும் என்பதை மாணவர்கள் அடிக்கடி மறப்பார்கள்.

மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் 16 ரிவெட், மொத்தம் 48. ரிவெட்டுக்கு ரிவெட் 3/4 அங்குலம், வரிசைக்கு வரிசை 9/16, தகட்டோரத்திலிருந்து 5/16, முனைகளில் 3/8. ஓரத்தூரம் தட்டைத் தலைக்கு விட்டத்தின் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது. 5/16 என்பது அதுவேதான், விட்டுக்கொடுக்க இடமில்லை. ஏறும் அகலம் 1 3/4 அங்குலம். குறியிட மென்முனை மார்க்கரைப் பயன்படுத்தலாம், கீறுகோலை மடிப்புகளிலும் மீதியிருக்கப்போகும் பரப்பிலும் தொடவிடக் கூடாது. கீறல் தானே ஒரு வெடிப்பின் பிறப்பிடம்.

முதலில் 40ஆம் இலக்க ட்ரில்லால் சிறு துளை, கிளீக்கோ எனும் தற்காலிகப் பிடிப்பான்களைப் போட்டுப் பிடித்து, பிறகு 30ஆம் இலக்கத்தால் 0.1285க்கு விரித்தல். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான தகடுகள் கெடுகின்றன, வெளியே தெரியாமல் கெடுகின்றன. இரண்டையும் சேர்த்துத் துளைத்த உடன் நடுவில் பிசிறும் துருவலும் நிற்கும். பிரித்து, பிசிறு எடுத்து, துடைத்து மறுபடி சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்பதால் மாணவர் கிளீக்கோவைக் கழற்றாமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பிசிறு தகடுகளை ஒரு முடியளவு விலக்கி வைத்திருக்கும். அடிக்கும்போது ரிவெட்டின் தண்டு அந்த இடைவெளிக்குள் உப்பி நிரம்பும்; அதன்பிறகு எவ்வளவு அடித்தாலும் தகடுகள் ஒன்றையொன்று தொடா. வெளித்தலை மட்டும் நூற்றுக்கு நூறு. பிசிறு எடுப்பதிலும் அளவு உண்டு: பெரிய ட்ரில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், நாலு சுற்றுச் சுற்றினால் அது இன்னொரு கூம்புக் குழியாகிவிடும்.

கூம்புக் குழிக்கு மைக்ரோஸ்டொப், அதாவது வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் கூடு. ஒரு கிளிக் 0.001 அங்குலம். முதலில் கழிவுத் தகட்டில் வெட்டி, அதே ரிவெட்டை வைத்துப் பார்த்த பின்னரே வேலைத்தகட்டைத் தொட வேண்டும். ட்ரில் வேகம் கூடினால் குழியின் சுவர் அலையலையாக வரும். கூட்டைச் சாய்த்துப் பிடித்தால் குழி நீள்வட்டமாகும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும் பிழைகள், திருத்துவதும் எளிது.

அடிப்பதற்கு முன்னால் இரண்டு முகங்களையும் துணியால் கரைப்பான் கொண்டு துடைத்து, ஈரம் தானாகக் காயுமுன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். அதன்பின் வெறுங்கை படக் கூடாது. இங்குள்ள வெக்கையில் உள்ளங்கை வியர்வையே உப்புத் தண்ணீர்தான். பிரைமர் காய்ந்ததும் பொலிசல்பைட் சீலன்ற். பி-2 வகையின் வேலை நேரம் இரண்டு மணித்தியாலம் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் அது 77 பாகை பரனைற்றுக்கும் 50 வீத ஈரப்பதனுக்கும் சொன்னது. வெப்பம் 10 பாகை பரனைற் கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 87 பாகை என்பது இங்கே ஒரு சாதாரண முற்பகல். ஆகவே கையில் இருப்பது ஒரு மணித்தியாலம், ஈரப்பதனையும் சேர்த்தால் அதிலும் குறைவு. 48 ரிவெட்டை முதன்முறை அடிக்கும் மாணவருக்கு அது போதாது. கலவையை இருவருக்கு ஒரு சிறு கிண்ணமாகப் பிரித்து, காலை முதல் வேலையாக வைத்து, கலந்த நேரத்தைக் கிண்ணத்திலேயே எழுதிவைத்தால்தான் சமாளிக்கலாம். இழுபட்டு நூலாக வரும் சீலன்றைத் தூக்கி எறிய வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று தேய்ப்பதை அனுமதிக்கக் கூடாது. குரோமேற் கலந்த பிரைமரோ சீலன்றோ என்றால் கையுறை கட்டாயம்.

அடிக்க 3எக்ஸ் அளவு ரிவெட் கன், பின்னால் முட்டுக் கொடுக்க ஏறக்குறைய மூன்று இறாத்தல் பக்கிங் பார். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போக வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் தகடு முன்னால் தள்ளப்பட்டுக் கடைசியில் புடைக்கும். அடித்த தலை 3/16 அங்குல விட்டமும் 1/16 அங்குல உயரமும் பெற வேண்டும். சீலன்ற் ஓரம் முழுவதும் ஒரே சீராகப் பிதுங்கி வருகிறதா என்று பார்ப்பது நல்ல அடையாளம். பிதுங்காத இடத்தில் ஒன்றும் இல்லை.

மூடுமுன் கையொப்பம்

பாடத்திட்டத்தில் செய்ய வேண்டிய ஒரே மாற்றம் இது. துடைத்து, பிரைமர் பூசி, சீலன்ற் தடவிய தகடுகள் திறந்த நிலையில் போதனாசிரியர் முன் வர வேண்டும். அவர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்தான் மூடலாம். 100 புள்ளியில் 40ஐ இந்தக் கட்டத்துக்கே ஒதுக்குவது நியாயம். சீலன்ற் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் ஒரே நேரத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கக் கூடாது. நான்கு நான்கு பேராகத் தொடக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டும். போதனாசிரியருக்கு இது அலுப்பான காலை. வேறு வழி தெரியவில்லை.

கூடவே ஒவ்வொரு தொகுதியிலும் எழுந்தமானமாக ஒரு தகட்டைத் திறக்க வேண்டும். தலையின் நடுவில் குத்தி, தண்டைவிடச் சற்றுச் சிறிய ட்ரில்லால் தலையின் ஆழம் வரை மட்டும் துளைத்து, தலையை நெம்பி எடுத்து, பின்னால் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்றுவது. ஆழம் தாண்டினால் துளை பெரிதாகி அந்தத் தகடு பாடத்துக்கு உதவாமல் போகும். உள்ளே தெரிவதை முழு வகுப்பும் பார்க்கட்டும்: பிசிறு பதித்த வட்டங்கள், சீலன்ற் சேராத மஞ்சள் திட்டுகள், சிலவேளை ஒரு பெருவிரல் ரேகை.

தோல் அடுக்கு இல்லாத வெறும் 2024 தகட்டில் மூன்று சிறிய மூட்டுகள் செய்து, ஒன்றை வெறுமனே, ஒன்றைப் பிரைமரோடு, ஒன்றைப் பிரைமரும் சீலன்றுமாக, ஒக்டோபரில் கடற்காற்று படும் இடத்தில் கட்டிவைத்து ஜனவரியில் பிரிக்கலாம். தூய அலுமினிய அடுக்குப் பூசிய தகட்டை இதற்கு எடுக்க வேண்டாம். அந்த அடுக்கு தான் அரிபட்டு உட்தகட்டைக் காத்துவிடும், மாணவருக்கு ஒரு வாடைக்குள் காட்ட ஒன்றும் மிஞ்சாது. கத்தி விளிம்பைக் காட்ட இன்னொரு துண்டு: 0.040 தகட்டில் அதே 1/8 ரிவெட்டுக்கான குழி. 0.042 ஆழக் குழி 0.040 தகட்டில் எங்கே போய் முடியும் என்று உருப்பெருக்கியில் பார்த்தால், பலகையில் எழுத ஒன்றும் இல்லை.

1,296 தலைகள்

அலோஹாவில் சோதனை செய்யப்படவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டளைக்குள் வந்த மூட்டுகளில் சோதனை நடந்திருந்தது, பழுதும் பார்க்கப்பட்டிருந்தது. விசாரணை அறிக்கை அந்த வேலையின் இயல்பையே கேள்விக்கு எடுத்தது. உடலின் மேற்புறத்தில் ஏறி, வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, 1,300 அளவு ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்ப்பது. மறைந்திருக்கும் வெடிப்பை மின்சுழல் ஓட்டத்தால் கண்டறியும் எடி கரண்ட் கருவியோடு இன்னும் சில நூறு. அதுவும் பெரும்பாலும் இரவில், காலைப் பறப்புக்கு முன்னால்.

இதைச் சொல்லால் கற்பிக்க முடியாது. முன்னைய தொகுதிகளின் தகடுகளில் 27ஐச் சேர்த்தால் 1,296 தலைகள். அவற்றை உயரத்தில் சட்டத்தில் பூட்டி, சிலவற்றில் துளையிலிருந்து துளைக்கு மயிரளவு கீறல் இட்டு, பட்டறை விளக்குகளை அணைத்து, டோர்ச்சும் பத்து மடங்கு உருப்பெருக்கியும் கொடுத்து, மாலை நேரத்தில் பார்க்கவிட வேண்டும். டோர்ச்சைத் தகட்டுக்குச் சாய்வாகப் பிடித்தால்தான் கீறலின் நிழல் விழும். நேராகப் பிடித்தால் தலைகளின் பளபளப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினாலும், மாறாமல் ஒருவரே முடித்தாலும் என்ன வேறுபாடு வருகிறது என்பதை ஒவ்வொரு தொகுதியும் தன் தாளில் தானே குறித்துக்கொள்ளட்டும்.

மாணவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நிற ஊடுருவி அடிச்சுப் பார்த்தா என்ன, சேர்?" வெடிப்புக்குள் புகுந்து அதை நிறத்தால் காட்டும் அந்தத் திரவம் ரிவெட் மூட்டில் உதவாது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் இயல்பாகவே உள்ள இடுக்கில் திரவம் புகுந்து 48 சிவப்பு வளையங்களைக் காட்டும். வெடிப்பு எது, இடுக்கு எது என்று பிரிக்க முடியாது. போதாததற்குத் தகடுகளுக்கிடையே போன திரவத்தை வெளியே எடுக்கவும் முடியாது, சீலன்றைக் கெடுத்துவிட்டு அங்கேயே இருக்கும். தலைக்குக் கீழே துளையோரத்தில் கிளம்பும் வெடிப்புக்கு எடி கரண்ட்தான், அதையும் அதே தடிப்பு, அதே கலப்புலோகம், அதே ரிவெட் உள்ள மாதிரித் துண்டில் கருவியைச் சரிசெய்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கருவி இல்லாத பட்டறை, இல்லை என்றே மாணவரின் பதிவேட்டில் எழுத வேண்டும்; செய்யாத சோதனைக்குச் செய்ததாகக் கையொப்பமிடும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கீறல் இட்ட தகடுகளின் இலக்கங்களை ஒரு மூடிய உறையில் வைத்து, கடைசி மாணவரும் தாளைக் கொடுத்த பிறகு உறையைத் திறப்பது நல்லது. தவறவிட்ட கீறலுக்குப் புள்ளி குறைக்கலாம். பார்த்த தலைகளின் எண்ணிக்கையை உள்ளதைவிடக் கூட்டி எழுதியவருக்குக் குறைக்கும் புள்ளி அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.